வரிப் பதிவேட்டில் இல்லாத ஏரி



காட்டூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு எனத் தொடரும் நமது வட்டாரத்தில் ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். துறைமுகம் விரிவடைந்தால் தொழில்கள் பெருகும். தொழில்கள் பெருகினால் வரி வருவாய் உயரும். வரி உயர்ந்தால் சாலையும் குடிநீரும் மருத்துவமனையும் தாமே வந்து சேரும் என்பதே அது. இவ்வாறு சொல்வோரை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர், வீட்டருகே ஒரு வேலை கிடைக்காதா என ஏங்குவது இயல்பு. ஹலாலான வழியில் பொருளீட்டுவதை நமது மார்க்கமும் ஊக்குவிக்கவே செய்கிறது. ஆயினும், வரும் வரி யாருடைய கைக்குப் போகிறது என்ற ஒரு கேள்வியை இவ்வாதம் தாண்டிச் சென்றுவிடுகிறது.

தொழில்கள் இங்கு வராமல் இல்லை. 1994இல் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் காட்டுப்பள்ளியில் அமைந்தது. அந்நீர் சென்னைக்குச் செல்கிறது. பின்னர் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்தன. அதற்காக இடம்பெயர்ந்த குப்பத்தினர் நிரந்தர வேலை கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதை இப்பகுதியினர் அறிவர். 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கர் பரப்புள்ள அதனை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தின் மதிப்பீடு 53,031 கோடி ரூபாய். அதற்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22ஆம் நாளுக்கும், மீண்டும் 2023 செப்டம்பர் 5ஆம் நாளுக்கும் குறிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய தொழில்களால் வரும் வரி எங்கே செல்கிறது? சுங்க வரி ஒன்றிய அரசுக்கு உரியது. நிறுவனங்களின் வருமான வரியும் அதற்கே. ஜிஎஸ்டியை ஒன்றியமும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கைக்கு எட்டுபவை வீட்டு வரி, தொழில் வரி, சில உரிமக் கட்டணங்கள் போன்றவையே. அவற்றுள் தொழில் வரிக்கு அரசமைப்பே உச்சவரம்பு விதித்துள்ளது. மாதம் பல இலட்சம் ஊதியம் பெறும் அதிகாரியும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டியதில்லை. நிதிக்குழு மானியங்களோ பெரும்பாலும் மக்கள்தொகையைக் கொண்டு பகிரப்படுகின்றன. ஊரில் துறைமுகம் இருக்கிறதா, சாம்பல் கொட்டுகிறதா என்று பார்த்து அல்ல. ஆக, வளர்ச்சியின் வரி டெல்லிக்கும் சென்னைக்கும் செல்ல, அதன் புழுதியும் கனரக லாரிகளும் ஊரில் தங்குகின்றன.

ஊர் நகரமாகிவிட்டால் நிலைமை மாறும் என்பர். அருகிலுள்ள பொன்னேரியை 2014ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கை பொலிவுறு நகருக்குரிய இடமாகப் பெயர் சொல்லி அறிவித்தது. பின்னர் அது நகராட்சியாகவும் உயர்ந்தது. நகராட்சிக்கு வரி வருவாய் கூடுதல் என்பது மெய்யே. ஆனால் ஊராட்சி நகராட்சியோடு இணையும்போது கிராம சபை மறைகிறது, ஊரக வேலைத் திட்டம் நின்றுபோகிறது, சிறு வீட்டுக்கும் சொத்து வரி ஏறுகிறது. இவற்றையும் சேர்த்துத்தான் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இனி, கணக்கிலேயே வராத ஒன்றைக் கவனிப்போம். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. யார் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை மீனவ மக்கள் 'பாடு' என்னும் முறையால் தமக்குள் வகுத்துக்கொண்டு, தலைமுறைகளாகச் சண்டையின்றிப் பிழைத்து வருகின்றனர். இருளர் குலப் பெண்கள் சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். மீன் வாங்கி விற்றும், வீட்டுத் திண்ணையில் பனையோலை முடைந்தும் நமது சமுதாயக் குடும்பங்களும் பிழைக்கின்றன. இவர்களில் எவரும் அந்த வருமானத்துக்கு வருமான வரி கட்டுமளவு ஈட்டுவதில்லை. எனவே எந்த வரிப் பதிவேட்டிலும் இந்த ஏரி இல்லை. வரி வருவாயைக் கொண்டே ஒரு நிலத்தின் மதிப்பை அளந்தால், ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரிய வைக்கும் ஏரியின் மதிப்பு சுழியம் என்றாகிவிடுகிறது! திட்ட அறிக்கைகளில் 'பயன்பாடற்ற நிலம்' போன்ற சொற்கள் நுழைவது இந்த வழியாகத்தான்.

இங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு ஒன்றை நினைவுகூர்வது பொருத்தம். திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் அது பதிவாகியுள்ளது. யமன் நாட்டைச் சேர்ந்த அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள், மாரிப் என்னுமிடத்தின் உப்பு வளத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டினார்கள். நபியவர்களும் வழங்கினார்கள். அவர் எழுந்து சென்றதும், அது வற்றாத நீரூற்றைப் போன்றது, எவரும் சென்று எளிதில் அள்ளிக்கொள்வது என்று அவையிலிருந்த ஒருவர் எடுத்துரைத்தார். உடனே நபியவர்கள் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றார்கள். கேட்டவர் கெட்டவர் அல்லர், நபித்தோழர். வளத்தின் இயல்பு தெரிந்ததும் கொடுத்ததையே மீட்டார்கள் என்பதில்தான் சட்டம் இருக்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் பொது வளங்களைத் தனியாருக்கு ஒதுக்குவது பற்றிய விவாதங்களை இந்த நிகழ்வின் மீதே எழுப்பினர். உப்பும் உவர்நீரும் கலந்த நமது மண்ணுக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி வேறு எது?

நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பள்ளிக்கட்டடம் கட்டித் தருகின்றனவே என்று சிலர் கேட்பர். நல்லதே, பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ஸதகாவுக்கும் ஹக்குக்கும் உள்ள வேறுபாட்டை மதரஸாவின் முதலாண்டு மாணவரும் அறிவார். அந்த நிதியை எங்கே, எதற்குச் செலவிடுவது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. ஊராட்சிக்குரிய வரியோ ஊரின் உரிமை. ஸகாத்தைச் செல்வந்தரிடம் பெற்று அவ்வூர் ஏழைகளுக்கே திருப்பியளிக்குமாறு முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபியவர்கள் பணித்தார்கள். ஸகாத் வேறு, அரசு வரி வேறு என்பதை அறிவோம். எனினும், எடுத்த ஊருக்கே முதலில் கொடு என்னும் நெறி இரண்டுக்கும் அழகுதான்.

இவ்வூர் ஒரு துறைமுகத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் முன்பே கண்டது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாகவே இது விளங்கியது. இங்கிருந்து துணிமணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போயினர். அவர்கள் விட்டுச் சென்றவை இடிந்த கோட்டையும் கல்லறைகளும். ஏரியில் வலை வீசுவது மட்டும் நிற்கவில்லை.

துறைமுகமே கூடாது என்பது நமது நிலைப்பாடு அல்ல. ஏரியின் வருவாயும் அதை நம்பியோரின் எண்ணிக்கையும் முறையாகக் கணக்கிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்படாமல் அனுமதி வழங்கலாகாது. அனுமதித்த பின் ஊருக்குரிய வரி ஊரில் தங்க வேண்டும். இதற்கு நாம் எங்கோ போக வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பெண்களும் அதில் அமர்ந்து பேச உரிமையுடையவர்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மீனவப் பஞ்சாயத்தாரையும் உடன் அழைத்துச் சென்று, ஊராட்சி எல்லைக்குள் உள்ள தொழிற்கட்டடங்களுக்கு எவ்வளவு வரி விதிக்கப்பட்டுள்ளது, எவ்வளவு வசூலானது, எவ்வளவு நிலுவை என்பதைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கிடைக்கும் பதில் தீர்மான ஏட்டில் பதிவாகிறதா என்பதையும் பார்த்துவிட்டே எழட்டும்.