புத்திமதி சொல்ல இவர்கள் யார்?

"நேற்றுத்தான் காலேஜ் படியேறிய பிள்ளைகள், அதற்குள் கட்டுரை எழுதி மற்ற மாணவர்களுக்கு வழி காட்டுகிறார்களாம்! முதலில் தங்கள் பாடத்தைப் படிக்கட்டும்!" மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒன்றுகூடி, தங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்காக நாலு பக்கம் எழுதினால் போதும், இப்படிக் கேலி செய்யும் கனவான்கள் ஊருக்கு ஊர் கிளம்பிவிடுகிறார்கள்.

தோழர்களே, அந்தக் கனவான்களை ஒரு கேள்வி கேளுங்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு யார் புத்திமதி சொல்கிறார்? அண்ணன் சொல்கிறான், மாமன் சொல்கிறான். எந்தக் காகிதம், எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு வேளைப் பேச்சு. நைட் ஷிப்டு முடித்து வரும் தகப்பனுக்கும், நடவுக்குப் போன தாய்க்கும் அது தெரிய வழி ஏது? அவர்கள் பிள்ளைக்கு வாய்த்த ஆலோசகன் புரோக்கர்தான்!

பிளஸ் டூ ரிசல்ட் வருமுன்பே அவன் வாசலில் நிற்கிறான். "கவுன்சிலிங்கெல்லாம் எதற்கு? சீட் நான் வாங்கித் தருகிறேன்" என்கிறான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று கமிஷனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறான். அவன் சொல்லாமல் மறைத்தது என்ன? பட்டதாரியே இல்லாத குடும்பத்தின் முதல் பிள்ளைக்கு 2010 முதல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஆனால் சர்க்கார் கவுன்சிலிங் மூலம் இடம் பெற்றால்தான் அது கிடைக்கும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத இடங்கள் சட்டப்படி ஒதுக்கப்பட்டன. அந்த இடத்தில் சேர்ந்தவர்களின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதாகவும் அறிவித்தது. புரோக்கர் காட்டிய குறுக்குவழியில் நுழைந்த கணமே இரண்டும் பறிபோயின. மிஞ்சியது வட்டிக் கடன்!

"ஏன், நிபுணர்கள் எழுதவில்லையா?" என்கிறார்கள். எழுதுகிறார்கள், பக்கம் பக்கமாக! தன்னம்பிக்கை வேண்டும், கனவு காண வேண்டும் என்று. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன காகிதம் கேட்பார்கள், தாலுகா ஆபீசில் அது முடங்கினால் யாரிடம் போய் நிற்பது என்பதை அலைந்தவன்தான் எழுத முடியும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் 2022-ல் வரத் தொடங்கியது. பணம் வராவிட்டால் வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல, அந்தத் தொல்லையை அனுபவித்த பெண்ணைவிடப் பெரிய நிபுணர் யார்?

கூலி வீட்டுப் பிள்ளைகள் கூடி எழுதுவது புதுமையுமல்ல. இத்தாலியில், பிளாரன்ஸ் நகருக்கு அப்பால் மலைமேல் பார்பியானா என்றொரு குக்கிராமம். பள்ளிக்கூடம் பெயிலாக்கித் துரத்திய ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் பாடம் நடத்தினார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஒரு ஆசிரியைக்குக் கடிதம்' 1967-ல் வெளிவந்தது. அவரவர் கருத்தைத் துண்டுத் தாளில் எழுதினார்கள். ஒரே விஷயம் பேசும் துண்டுகளை ஒன்று சேர்த்தார்கள். வேண்டாத சொல்லை ஈவிரக்கமின்றி வெட்டினார்கள். ஆசிரியர் பெயர் தனியாக ஒருவருடையதல்ல, பள்ளியின் பெயர்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி எப்படிப் பொறுக்கிப் பெயிலாக்குகிறது என்று புள்ளிவிவரத்தோடு அம்பலப்படுத்திய அந்தப் புத்தகம் பல பாஷைகளில் வந்தது. நம்மூர்க் கனவான்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

"தப்பாக எழுதிவிட்டால்?" இது மட்டும் நியாயமான கேள்வி. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. ஆகவே ஒருவர் எழுதியதை, அதே விண்ணப்பம் போட்ட வேறு இருவர் படித்துத் திருத்த வேண்டும். தாளின் தலையில் எந்த வருஷத்து விவரம் என்று போட வேண்டும். கட்டுரை என்றதும் 'கல்வியின் மேன்மை' என்று ஆரம்பிக்கும் பழக்கம் சில தம்பிகளுக்கு இருக்கிறது. அந்தப் பத்தியை அடித்துவிட்டு, எத்தனை ரூபாய் செலவானது என்பதிலிருந்து தொடங்கட்டும்.

ரிசல்ட்டுக்கு ஒரு மாதம் முன்பே அந்தத் தாள்கள் ஆலை வாசல் டீக்கடையிலும், ஊர் நூலகத்திலும், நடவு வேலை நடக்கும் வரப்பிலும் இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாத தாய்க்கு எழுதிய பிள்ளையே வாசித்துக் காட்டட்டும்.