பதித்து வைத்தால் போதுமா?

மனித நினைவாற்றலின் எல்லையை அறிய விரும்புவோர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களில் ஒருங்கே கருத்தைச் செலுத்தி அவையோரை வியப்பில் ஆழ்த்தியவர் அப்பெருமகனார். நாமோ, பத்து இலக்கங்களைச் சுமக்க இயலாமல் 'கார்ட்லெஸ்' எனப்படும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டோம்.

ஒப்படைத்தது குற்றமன்று. எண்ணை ஒருமுறை பதித்து ஒரு பொத்தானோடு இணைத்துவிட்டால், பின்னர் அப்பொத்தானைச் சற்றே அழுத்திப் பிடித்தாலே போதும், அழைப்புச் சென்றுவிடும். கண் மங்கிய முதியோர்க்கு இது பெரும் வரம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பதித்தவரின் கடமை அத்துடன் முடிந்துவிட்டதா?

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் வழியில், காவிரிக் கரையில் அமைந்த ஊர் ஜீயபுரம். அங்குத் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர்க்குச் சென்னையிலுள்ள மகன் அக்கருவியை வாங்கித் தந்து, தம் செல்பேசி எண்ணை இரண்டாம் பொத்தானில் பதித்துச் சென்றார். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அம்மூதாட்டி, "தம்பி, பொத்தான அமுக்குனா யாரோ ஒரு பொம்பள பேசுது, எம் மவன் பேசலையே!" என்று என்னிடம் கலங்கினார்.

காரணம் எளியது. அவ்வாண்டு ஜனவரி 15 முதல், வீட்டுத் தொலைபேசியிலிருந்து செல்பேசியை அழைப்போர் எண்ணுக்கு முன் சுழியம் சேர்த்தல் வேண்டும் என்பது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. விதி மாறியது, பொத்தானுக்குள் இருந்த எண் மாறவில்லை. தாயையும் மகனையும் ஒரு சுழியம் பிரித்துவிட்டது. அதைத் திருத்த இரண்டு நிமிடமே ஆயிற்று. அந்த இரண்டு நிமிடத்திற்காக அவர் பல நாள் காத்திருந்தார்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. செம்புக் கம்பிவழி இயங்கிய பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசிற்று. கம்பியில்லாக் கருவியின் அடித்தளமோ வீட்டு மின்சாரத்தை நம்பியுள்ளது. புயலிரவில் மின்சாரம் நின்றால், பதித்த எண்கள் அனைத்தும் பயனற்றுப் போகும். அண்டை வீட்டுத் தொலைபேசியை நாடலாம் என்றாலும், எண் நினைவில் இருந்தாலன்றோ அழைக்க முடியும்?

ஆகவே, மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் இல்லத்துத் தொலைபேசியைக் கையிலெடுங்கள். பதித்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபாருங்கள். 'இரண்டு – அண்ணன், மூன்று – மருத்துவர்' எனப் பெரிய தமிழ் எழுத்தில் ஓர் அட்டை எழுதி அருகே ஒட்டுங்கள். மகன் அல்லது மகளின் எண் ஒன்றையேனும் பெற்றோர் மனப்பாடமாகச் சொல்லும்வரை உடனிருந்து பயிற்றுங்கள்.

கருவி வாங்கித் தருவது அன்பின் தொடக்கம். அது ஒலிக்கிறதா என ஆண்டுக்கொரு முறையேனும் பார்ப்பதே அவ்வன்பின் நிறைவு.