காவலுக்குள் ஒரு காவல்

மாதவரத்திலிருந்து செங்குன்றம் செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் புழல் நடுவண் சிறையைக் கடந்து செல்கின்றனர். சென்னை நகரின் நடுவே, சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே இருந்த பழைய நடுவண் சிறையின் கைதிகள் 2006ஆம் ஆண்டில் இங்கே கொண்டுவரப்பட்டனர். பழைய கட்டடம் 2009ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று மருத்துவக் கல்லூரிக் கட்டடம் எழுந்து நிற்கிறது. சுவர்கள் மறைந்தாலும் அச்சுவர்களுக்குள் 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிகழ்ந்தவற்றை நாம் மறத்தல் ஆகாது.

1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் 1971இல் இயற்றப்பட்ட மிசாச் சட்டத்தின்கீழ் எதிர்க்கட்சியினர் பலர் சிறைப்பட்டனர். அவர்கள்மேல் குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை. சிறைக்குள் அவர்கள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். தாக்குண்டவர்களுள் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். இக்கொடுமைகளை விசாரித்து உண்மையை வெளிக்கொணரும் பொறுப்பு நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் அவர்களை வந்தடைந்தது. நாகூரிலே பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்து, கம்பன் காவியத்தில் தோய்ந்து திளைத்த அப்பெருமகனாரைத் தமிழ்த்துறை மாணவர்க்கு நாம் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் கம்பனடிப்பொடிகளின் கூட்டத்தில் அவரைப் போற்றுவோர், சிறைக் கொடுமையை ஆராய்ந்த அந்த ஆணையத்தை அத்துணை அளவு நினைவுகூர்வதில்லை என்பது நம் குறை.

ஆணையம் அமைந்தது எப்போது? நெருக்கடிநிலை நீங்கி, மத்தியில் ஆட்சி மாறிய பின்னர். தேர்தல் முடிவு வேறாக இருந்திருப்பின் அந்த உண்மை சிறைச்சுவர்களோடு சேர்ந்தே இடிந்து போயிருக்கக்கூடும். அந்நாளில் நீதிமன்றத்தின் கதவும் அடைபட்டிருந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர், நெருக்கடிநிலையின்போது சிறைப்பட்டவர் ஆட்கொணர்வு மனு கொண்டு வர இயலாது என்று தீர்ப்பளித்தனர். நீதியரசர் எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்பு பிழையானது என்று அதே நீதிமன்றம் வெளிப்படையாக அறிவிக்க 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை, நாற்பத்தோர் ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே நாம் சொல்ல விழைவது இதுதான். பாதுகாப்பு அமைப்புகளின் அத்துமீறலுக்கு நீதிமன்றமே மருந்து என்று எண்ணி வாளா இருத்தல் போதாது. நீதிமன்றம் பெரும்பாலும் காலங்கடந்தே வருகிறது. உரிமைக் காவல் அந்த அமைப்புகளின் உள்ளேயே, தவறு நிகழும் முன்னரே இருத்தல் வேண்டும்.

இக்கருத்துக்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. பாண்டியன் ஆராயாது ஆணையிட்டது யாவரும் அறிந்ததே. ஆனால் கொலைக்களக் காதையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓரிடம் உண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என ஐயுறுகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, களவு நூலின் நுணுக்கங்களை எடுத்துரைத்து அவ்வையத்தைப் போக்க முயல்கிறான். செய்யத்தக்கது யாது எனக் காவலர் தம்முள் வினவுகின்றனர். தயங்கினால் வேந்தன் தண்டிப்பான் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. அதற்குள் கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் வீழ்ந்துவிடுகிறது. காவலருக்கு ஐயம் இருந்தது. அந்த ஐயத்தை அஞ்சாது அரசனிடம் எடுத்துச் செல்லும் வழி இல்லை. மதுரை எரிந்ததற்கு மன்னனின் அவசரத்தை மட்டுமே காரணமாக்குவது பாதி உண்மையே.

அந்தக் காவலரை நம் காலத்திலும் காண்கிறோம். இராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடாச் சட்டத்தின்கீழ்ப் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன். தாம் வாங்கித் தந்த மின்கலங்கள் எதற்காக என்று அறியேன் எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாது விட்டதாக, ஓய்வு பெற்றபின் 2013இல் அவர் வெளிப்படுத்தினார். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த மனிதர் தூக்குமர நிழலில் இருந்தார். 2014இல் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார். கொடிய குற்றம் நிகழ்ந்தது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. விடுபட்ட அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பெறும் கடமையுள்ள அதிகாரி ஒருவர் 1991இலேயே அத்துறைக்குள் இருந்திருந்தால் என்பதே நம் வினா.

பெரியோர் சிலர் கேட்கலாம்: குண்டு வைப்போரிடம் இத்தனை நுணுக்கம் பார்த்தால் நாடு என்னாவது? 1998 பிப்ரவரியில் கோவையில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், 2008 நவம்பரில் மும்பையில் 166 உயிர்கள் பறிபோனதையும் கண்ட நாம் அக்கேள்வியை எளிதாக ஒதுக்க மாட்டோம். ஆயினும் 2002 செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் நிகழ்ந்த தாக்குதலை எண்ணிப் பாருங்கள். முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட அறுவரையும், அவர்களுள் தூக்குத்தண்டனை பெற்ற மூவர் உட்பட, உச்சநீதிமன்றம் 2014 மே 16 அன்று விடுவித்தது. (மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள் அது; செய்தி பலர் கண்ணில் படவே இல்லை.) பொடாச் சட்டத்தில் உட்காவலாக ஓர் ஏற்பாடு இருந்தது: வழக்குத் தொடர அரசின் முன்னனுமதி வேண்டும். அந்த அனுமதி சிந்தனையைச் செலுத்தாமலே தரப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. பல்லாண்டுகள் சிறையில் கழித்தோர்க்கு இழைத்த அநீதி ஒருபுறம் இருக்க, குற்றவாளிகளைத் தேட வேண்டிய காலமும் வீணாயிற்று. உரிமையைக் காவாத துறை பாதுகாப்பையும் காவாது போயிற்று.

இச்சட்டங்கள் ஒரு சமூகத்தின்மேல் மட்டுமே பாய்வன என்று நம்மவர் எண்ணுவதும் முழுமையன்று. 1976இல் தி.மு.கழகத்தினர் வீழ்ந்தனர். 2002இல் பொடாவை ஆதரித்த ம.தி.மு.க.வின் தலைவர் வைகோ அவர்களே, அதே ஆண்டு ஜூலையில் அச்சட்டத்தின்கீழ்ச் சிறை புகுந்து பத்தொன்பது மாதங்கள் இருந்தார்.

இன்றைய நிலை என்ன? 1887இல் தோன்றிய உளவுத்துறைக்கும், 1968இல் அமைந்த வெளிநாட்டு உளவமைப்புக்கும் அதிகார எல்லை வகுக்கும் தனிச்சட்டம் நாடாளுமன்றத்தில் இயற்றப்படவில்லை. 2011இல் மனீஷ் திவாரி கொணர்ந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதப்படைகள்மீதான புகாரில் ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கவே வழி செய்கிறது. தானே நேரில் விசாரிக்க இடந்தரவில்லை. 2020 டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம், காவல் நிலையங்களில் மட்டுமன்றித் தேசியப் புலனாய்வு முகமை, மத்தியப் புலனாய்வுத் துறை, அமலாக்கத்துறை முதலியவற்றின் விசாரணைக் கூடங்களிலும் ஒளிப்பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டுப் பதிவுகள் பதினெட்டுத் திங்கள் காக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. அதற்குச் சில திங்கள் முன்னரே சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கருவி இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டறிந்திருந்தார். கருவி மட்டும் காவலாகாது. அதனைக் காக்கும் மனிதர் வேண்டும்.

அமெரிக்கா தன் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவியபோதே, குடியுரிமைகளைக் காக்கவென அதே துறைக்குள் ஓர் அதிகாரியையும் வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆயின் 2025 மார்ச்சில் அவ்வலுவலகப் பணியாளர் ஏறக்குறைய அனைவரையும் நீக்க அத்துறையே முடிவு செய்தது. எவரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர் கையிலேயே பதவியும் ஊதியமும் இருந்தால் நேர்வது இதுவே.

ஆதலின் நம் நாட்டிலும் ஒவ்வொரு பாதுகாப்பு அமைப்பினுள்ளும் உரிமைக் காவல் அதிகாரி ஒருவர் சட்டப்படி அமர்த்தப்படல் வேண்டும் எனக் கோருகிறோம். அவரை நீக்கும் அதிகாரம் அத்துறைத் தலைவரிடம் இருத்தல் கூடாது. அவரது அறிக்கை நாடாளுமன்றக் குழுவின் முன் செல்லல் வேண்டும். கீழ்நிலைக் காவலர் ஒருவர் ‘எனக்கு ஐயமாக உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தால், அவ்வெழுத்து வழக்குக் கோப்பிலேயே நிற்றல் வேண்டும். எழுதியவர் அதனால் பதவியிழத்தல் கூடாது.