வேண்டாம் என்று சொன்ன கிருஷ்ணன்

டிவியில் விம்பிள்டன் ஓடிக்கொண்டிருந்தது. "நம்ம ஊர்க்காரங்க யாரும் இதுல ஜெயிச்சதில்லையா தாத்தா?" என்றான் பேரன். ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன்.

தந்தை டி.கே. ராமநாதனிடம் டென்னிஸ் கற்றவர். 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை முதலில் வென்றவர் அவரே. 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் தோற்கடித்தார். 1959-ல் ஜாக் கிராமர் பெருந்தொகை தருவதாகத் தம் தொழில்முறைக் குழுவுக்குக் கூப்பிட்டார். கிருஷ்ணன் போகவில்லை.

"ஏமாளியா இருந்திருக்காரே!" என்றான் பேரன்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாமக்கல் பக்கம் பிள்ளைகள் கேட்டு வளர்வது மார்க், சீட், சம்பளம் இந்த மூன்றும்தான். ஆனாலும் ஏமாளி என்பதை நான் ஒப்பவில்லை.

அந்தக் காலத்தில் பணத்துக்கு ஆடுபவர்களுக்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. 1962-ல் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ராட் லேவர் தொழில்முறைக்குப் போனார். 1968-ல் விதி மாறும்வரை அவரால் விம்பிள்டன் பட்டத்துக்கு ஆட முடியவில்லை. கிருஷ்ணனும் போயிருந்தால் நமக்கு 1966 கிடைத்திருக்காது.

அந்த டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலோடு ஆட்டம். 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக் இரண்டு செட் எடுத்துவிட்டார். நான்காவது செட்டிலும் 5-2 என்று முன்னிலை. அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்றும், அடுத்ததை 6-2 என்றும் எடுத்தார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்திய இரட்டையர் ஆட்டம்.

'அமெச்சூர்' என்றால் இன்று அரைகுறை என்று பொருள் கொள்கிறார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள், நேசிப்பவர் என்பது. கிருஷ்ணனை நினைக்கும்போது அந்தப் பொருள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த விதி ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அநியாயம்தான். பணத்தின் பின்னே போன லேவரும் தப்புச் செய்யவில்லை. தன் விளையாட்டால் பிழைப்பது மரியாதையான காரியம். ஆனால் வரும் பணத்தை வேண்டாம் என்றவனை முட்டாள் என்பதும் சரியல்ல. தனக்கு எது போதும் என்று கிருஷ்ணனுக்குத் தெரிந்திருந்தது. பத்மபூஷண் வாங்கியவர், ஆட்டம் முடிந்தபின் சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷ் 1979-ல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார்.

பேரன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கல்கத்தா ஆட்டத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.