மிச்சம் பிடித்தவருக்கும் ஒரு பங்கு

சென்ற ஆண்டு எமது பகுதிப் பாடசாலையொன்றில் நடைபெற்ற கட்டுரைப் போட்டிக்கு நடுவராக வரும்படி அதிபர் என்னை அழைத்திருந்தார். 'சக்தியைச் சேமிப்போம்' என்பது தலைப்பு. ஏறக்குறைய இருபது கட்டுரைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசகங்கள். அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவை அடிக்கடி திறவாதீர்கள். உடுப்புகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் மினுக்குங்கள்.

மிகத் திறமையாக எழுதியிருந்த மாணவியிடம், உங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று கேட்டேன். "இல்லைச் சுவாமி, எங்களுக்கு இன்னும் கறண்ட் வரேல்லை" என்றாள். அப்படியானால் அம்மா எப்படிச் சமைக்கிறார் என்று கேட்டதும் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. ஈர விறகை அடுப்புக்கு மேலே அடுக்கி உலர்த்துவது, பயறை முதல்நாள் இரவே ஊறப்போடுவது, சோறு இறக்கிய பின் அதே தணலில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். இவற்றில் ஒன்றுகூட அவளுடைய கட்டுரையில் இல்லை. பாடசாலையில் மதிப்புப் பெறும் அறிவு வேறு, வீட்டில் இருக்கும் அறிவு வேறு என்று அந்தப் பிள்ளை எண்ணியிருக்கிறாள். அப்படி எண்ண வைத்தவர்கள் நாங்கள்.

சிக்கனம் எம்மவருக்குப் புதிய பாடமன்று. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது நான் சிறுவன். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியைப் பொருத்தி எரித்த விளக்கின் முன்னிருந்துதான் எங்கள் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றினோம். இடம்பெயர்ந்து உறவினர் காணியிலோ நலன்புரி நிலையத்திலோ கொட்டில் போட்டிருந்தவர்களுக்கு இதைவிடக் கடினமான அனுபவமும் உண்டு. விறகு பொறுக்கப் போய், அயலவரின் வேலிக் கதிகாலை முறித்ததாக ஏச்சு வாங்கிய தாய்மார் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

ஆகவே, 'சக்தியைச் சேமியுங்கள்' என்று எமது பிள்ளைகளுக்குச் சொல்ல முன்னர் சற்று யோசிக்க வேண்டும். நாட்டில் மிகக் குறைவாகச் செலவிடுபவர்களைப் பார்த்தே இன்னும் குறையுங்கள் என்கிறோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததும், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததும் உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் செய்த வீண்செலவினால் அல்ல.

அப்படியானால் பாடசாலைகளில் இவ்வேலை வேண்டாமா? வேண்டும் என்பதே எனது கருத்து. ஆனால் சுவரொட்டியும் பேச்சுப் போட்டியுமாக அல்ல. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிலைபேறான சக்தி அதிகாரசபை பாடசாலைகளில் சக்திக் கழகங்களை ஊக்குவித்து வந்திருக்கிறது. நல்ல முயற்சி. எனினும் நான் நேரில் பார்த்த சில கழகங்கள் பெயர்ப்பலகையோடும் ஒரு விழாவோடும் நின்றுவிட்டன. பிள்ளைகள் எதையும் அளக்கவில்லை. மிச்சம் பிடித்ததில் அவர்களுக்கு எந்தப் பங்கும் கிடைக்கவில்லை. குறை இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

உங்கள் உறவினர் பலரின் பிள்ளைகள் இன்று படித்துக்கொண்டிருக்கும் ஜேர்மனியில் இதை வேறுவிதமாகச் செய்தார்கள். ஹம்பேர்க் நகரில் 1994 இல் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்றொரு திட்டம் தொடங்கப்பட்டது. பாடசாலையின் மின்சார, வெப்பமூட்டல் கட்டணங்களைச் செலுத்துவது நகரசபை. மாணவரும் ஆசிரியரும் அக்கறையாக நடந்து கட்டணத்தைக் குறைத்தால், மீதமான பணத்தில் பாதி பாடசாலைக்கு, மறுபாதி நகரசபைக்கு. பாடசாலை தன் பங்கைத் தான் விரும்பியபடி பயன்படுத்தலாம். மாணவர், ஓர் ஆசிரியர், கட்டடத்தைப் பராமரிக்கும் ஊழியர் ஆகியோர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வெப்பமானியும் கையுமாக அறை அறையாகச் சென்று குறிப்பெடுப்பார்கள். ஒருபுறம் வெப்பமூட்டி எரிய மறுபுறம் ஜன்னல் திறந்திருக்கிறது, ஆளில்லாத மண்டபம் சூடாக இருக்கிறது என்பவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்து முழுப் பாடசாலைக்கும் அறிவிப்பார்கள். அம்முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. 2013 முதல் 2016 வரை ஐரோப்பாவின் 13 நாடுகளில் 500 வரையான பாடசாலைகள் இவ்வழியில் வேலை செய்தன.

அவர்களுடைய மிச்சத்தின் பெரும்பகுதி குளிர்காலத்து வெப்பமூட்டலில் வருவது. எமக்கு அது பொருந்தாது. எமது பாடசாலைகளில் பார்க்க வேண்டியவை விளக்கு, மின்விசிறி, கணினி அறை, தண்ணீர்த் தாங்கியை நிரப்பும் மோட்டார், மதிய உணவு சமைக்கும் அடுப்பு ஆகியவை. பொருந்துவது அந்த நியாயம்: உழைத்தவனுக்குப் பங்கு உண்டு என்பது. விளைச்சலில் பங்கு தராமல் வாரத்துக்கு வயல் செய்யச் சொன்னால் உங்களில் யார் இறங்குவீர்கள்?

அளப்பது கடினமான காரியமன்று. ஆயிரம் வாற்று ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஓர் அலகு. எட்டு வகுப்பறைகளில் இரண்டிரண்டாக 40 வாற்று ரியூப் லைற்றுகள் தினமும் இரண்டு மணித்தியாலம் தேவையின்றி எரிந்தால் 1.28 அலகு, மாதத்தில் இருபது பாடசாலை நாட்களுக்கு 25 அலகுக்கு மேல். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். காலையில் ஒரு தடவை, பாடசாலை விடும்போது ஒரு தடவை, மறுநாட் காலையில் ஒரு தடவை என மீற்றரை வாசித்தெழுதினால், ஆளில்லாத இரவிலும் ஏதோ ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். தாங்கி நிரம்பி வழிந்தும் நிறுத்தாத மோட்டார், சொட்டுகின்ற குழாய் ஆகியன அகப்படுவது இப்படித்தான்.

மின்சாரத்தைவிட எமது கிராமங்களில் முக்கியமானது விறகு. பல சிறிய பாடசாலைகளில் மதிய உணவைத் தாய்மாரே முறைவைத்துச் சமைக்கிறார்கள். மூன்று கல் வைத்த அடுப்பில் நெருப்பின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட, இரண்டு பானை வைக்கக்கூடிய 'அனகி' மண் அடுப்பு இதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் அது சிறந்தது என்று நான் சொல்லிப் பிள்ளைகள் எழுதிக்கொள்வதில் பயனில்லை. ஒரே அளவு அரிசி, ஒரே விறகு. முதல்நாள் கல்லடுப்பு, மறுநாள் மண் அடுப்பு. விறகை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கட்டும். மூடி போட்டும் போடாமலும் நிறுக்கட்டும். காய்ந்த விறகுக்கும் ஈர விறகுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதட்டும். தாய்மார் அறிந்ததுதான், ஆனால் இலக்கமாகிப் பாடசாலைச் சுவரில் ஏறும்போது தாயின் அறிவுக்கு ஒரு மதிப்பு வருகிறது.

இது தோட்டத்துக்கும் போகலாம். இறைப்பு மெசினின் வாயில் 20 லீற்றர் வாளி எத்தனை செக்கனில் நிரம்புகிறது, கிணற்றடிப் பாத்திக்கு எத்தனை நிமிடம், அதே அளவான கடைசிப் பாத்திக்கு எத்தனை நிமிடம் என்று மகன் குறித்துத் தந்தால், மண் வாய்க்கால் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்பதும், அதற்கு எவ்வளவு மண்ணெண்ணெய் போகிறது என்பதும் தகப்பனுக்குத் தெரியவரும். வாய்க்காலைத் திருத்துவதா, குழாய் போடுவதா என்பதை அதன்பின் அவர் தீர்மானிக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பங்குக்கு ஆசைப்பட்டு இருண்ட வகுப்பறையில் விளக்கை அணைப்பதையும், பங்குனி வெயிலில் மின்விசிறியை நிறுத்துவதையும் நான் சேமிப்பு என்று சொல்லமாட்டேன். அது பிள்ளைகளின் கண்ணிலும் உடம்பிலும் கைவைப்பது. வீட்டில் விளக்கில்லாத பிள்ளைக்குப் பின்னேரம் படிக்கப் பாடசாலையின் ஓர் அறையைத் திறந்துவிட்டால் கட்டணம் கூடும், கூடட்டும். ஒன்பது வாற்று எல்.ஈ.டி. குமிழ் பழைய 60 வாற்றுக் குமிழின் வெளிச்சத்தைத் தருகிறது. வகுப்பறைகளில் மிச்சம் பிடித்ததை அந்த அறைக்குக் கொடுக்கலாமே.

எனக்குத் தெரிந்த அதிபர்கள் சிலரிடம், மிச்சத்தில் மாணவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எவரும் சொல்லவில்லை. கேட்டதே புதுமையாக இருந்தது. கல்வி அலுவலகங்கள் இதற்கு இணங்குமோ தெரியாது. பெற்றார் சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரே ஒரு பாடசாலையில், ஒரே ஓர் ஆண்டுக்குப் பரீட்சார்த்தமாகச் செய்தால் போதும். நகரசபைக்கு அங்கே நட்டம் வரவில்லை. மறுபாதி அதன் கையிலேயே இருந்தது. விறகைப் பொறுத்தமட்டில் எவருடைய அனுமதியும் தேவையில்லை. மாதம் எத்தனை கட்டு மீதமானது என்று கணக்கிட்டு, அந்த மாதம் விறகு கொண்டுவரும் முறையிலிருந்து அவ்வளவைத் தாய்மாருக்குக் குறைத்துவிடலாம்.

கட்டுரை எழுதிய மாணவியின் பாடசாலையில் அடுத்த தவணை அடுப்புப் பரிசோதனை தொடங்க அதிபர் இணங்கியிருக்கிறார். கிழமையில் இரண்டு நாள் சமைப்பதற்கு அந்தப் பிள்ளையின் தாயாரும் இன்னும் மூவரும் முன்வந்துள்ளனர். மண் அடுப்பு ஒன்று கிடைத்துவிட்டது. விறகு நிறுப்பதற்குத்தான் தராசு இல்லை. தோட்டத்தில் வெங்காயம் நிறுத்த பழைய தராசு எவரிடமாவது சும்மா கிடந்தால், தவணை தொடங்க முன்னர் அதிபரிடம் சேர்ப்பித்து உதவுங்கள்.