சினைமாட்டின் வயிற்றில் அடிக்காதீர்கள்

பால் வற்றிய சினைமாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வைப்பது தண்டச் செலவு என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரோடிக் கிடக்கிறது. கறக்கும்வரை அளந்து அளந்து வைத்தவர்கள்கூட, மடி வற்றியதும் வைக்கோலை மட்டும் உதறிவிட்டுப் போகிறார்கள். கேட்டால், "நல்ல காளையோட ஊசிதான் போட்டிருக்கு, கன்னு நல்லாத்தான் வரும்" என்கிறார்கள். பிறந்த கன்று சவலையாக நின்றால் பழி ஊசி போட்டவர் தலையில் விழுகிறது. இது அநியாயம்.

காளையே எல்லாம் என்பதை 1938இலேயே கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்கள். ஷயர் என்ற பெருங்குதிரையையும் ஷெட்லாண்ட் மட்டக்குதிரையையும் இரு வழியாகவும் கலந்தார்கள். இரண்டு பக்கமும் அதே கலப்புதான். ஆனால் ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லாண்ட் தாய் ஈன்றதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. கரு எவ்வளவு வளரலாம் என்பதற்குத் தாயின் வயிறு எல்லை போட்டது.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கருவின் எடையில் பெரும்பகுதி கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது; நாம் தீவனத்தை வெட்டுவதும் அப்போதுதான். பிறந்த பிறகு தேற்றிக்கொள்ளலாம் என்பதும் பாதிப் பொய். கன்றின் தசை இழைகள் எத்தனை என்பது ஏழெட்டு மாதச் சினைக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். பிறகு இருக்கிற இழைகள் தடிக்கும், புதியவை சேராது. அதனால் இளஞ்சினையிலிருந்தே தீனி வேண்டும்.

வெக்கையும் கருவைத் தொடுகிறது. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகளில், வற்றுக்காலத்தில் வெப்பத்தில் வாடிய பசுக்களின் கன்றுகள் எடை குறைந்து பிறந்தன; கிடேரிகள் வளர்ந்து முதல் ஈற்றில் கறந்த பாலும் குறைந்தது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் சினைமாட்டைக் கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தீனி கூடினால் கன்று பெருத்து ஈனுவது சிரமமாகும் என்ற பயம் ஒன்றுண்டு. கொழுத்த மாடு சிரமப்படும், உண்மை. ஆனால் பட்டினி கிடந்த மாட்டுக்கு முக்கித் தள்ளவே தெம்பிருக்காது. சீம்பாலும் குறையும். நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் போவதில்லை. சீம்பால்தான் ஒரே வழி.

இளஞ்சினையிலிருந்தே தீனி குறையாமல் வையுங்கள்; ஏழாம் மாதத்திலிருந்து பசும்புல்லோடு கூடுதலாக நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ கலப்புத் தீவனம், தாது உப்பு, நிழல், நிறையத் தண்ணீர். பால் பணம் வராத மாதங்களுக்கான இந்தச் செலவைக் கறக்கும் காலத்திலேயே எடுத்து வையுங்கள்.