இராப்போசன மேசையும் ஆசிரியர் சமூகமும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். பின்னர் அது புதிதாய் வந்தவரைக் குறித்தது. அவருக்கிடும் உணவைக் குறிக்கத் தொடங்கியது அதற்கும் பின்னரே. இன்று கொழும்பில் ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் நடத்தும் 'வருடாந்த இராப்போசன விருந்'தில் உணவு உண்டு; புதியவர்தாம் இல்லை.

நான் கற்பிக்கும் பாடசாலையில் நலன்புரிச் சங்கத்தின் சுற்றறிக்கை இவ்வாறு வந்தது: இடம், காலிமுகத்தை அண்டிய நட்சத்திர ஹோட்டல், உடை, ஆடவர்க்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும், பெண்டிர்க்குப் பட்டுச்சேலை, வர இயலாதோர் காரணத்தை எழுத்தில் தருக. காரணம் கேட்கும் அழைப்பை அழைப்பு என்பதா, கட்டளை என்பதா? நுழைவுச்சீட்டின் விலையோடு பத்து வீதச் சேவைக் கட்டணம். அதற்கு மேல், 2024 தை முதல் 18 வீதமாகிவிட்ட பெறுமதி சேர் வரி. கோட்டு இல்லாதவர் வாடகைக்கு எடுக்கிறார். முள்ளும் கரண்டியும் பழகாத மூத்த ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தைச் சைவக் கடையில் வயிறாரத் தோசை உண்டுவிட்டே புறப்படுகிறார். அவரை நான் குறைகூற மாட்டேன். அன்றிரவு பசியின்றி வீடு திரும்பியவர் அவர் ஒருவரே.

இந்த உடைவிதி எங்கிருந்து வந்தது? காலிமுக ஹோட்டல் 1864இலும் நுவரெலியாவின் ஹில் கிளப் 1876இலும் தோன்றின. அத்தகைய துரைமார் மண்டபங்களில் கோட்டும் கழுத்துப்பட்டியும் நுழைவுரிமையின் அடையாளங்கள். உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதை வாசலிலேயே தீர்ப்பதற்கு அவை பயன்பட்டன. துரைமார் போய்விட்டனர். வாசலில் இப்போது நாம் நிற்கிறோம்.

'ஓர் இரவு மகிழ்ந்திருப்பது குற்றமா?' என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். ஆண்டில் தாம் அடுப்படிக்குப் போகாத இரவு அது ஒன்றே என்றார். இதற்கு எளிதில் விடை கூறிவிட முடியாது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஆடி மாதம் முதல் மூன்று மாதங்களுக்கு மேல் போராடியவர்கள் நாம். மறு ஆண்டு புரட்டாதியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்களும் நாமே. நல்லுணவுக்கும் ஓய்வுக்கும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. என் வழக்கு மகிழ்ச்சியோடு அன்று, மேசைகளோடு. அதிபருக்கும் கொடையாளருக்கும் மேடையருகே மேசை. பகுதித் தலைவர்களுக்கு அடுத்தது. சென்ற ஆண்டு சேர்ந்த ஆசிரியர்க்குக் கதவோரம். வகுப்பறைகளைக் கூட்டிப் பெருக்கி, நாள்தோறும் நமக்குத் தேநீர் தரும் சிற்றூழியருக்கோ மேசையே இல்லை. 'அவர்களுக்கு அங்கே கூச்சமாக இருக்கும்' என்பது சங்கத்தின் விளக்கம். கூச்சம் தரும் இடத்தைத் தெரிந்தெடுத்தவர் யார்?

இப்பந்தி வேற்றுமை நமக்குப் புதிதன்று. அதை உடைக்க முனைந்தவர்களும் ஆசிரியர்களே என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பிற்காலத்து இளைஞர் காங்கிரஸ், சாதி பாராது ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைக் கொள்கையாக்கி நடத்திக் காட்டியது. அதன் முன்னோடி ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வேண்டும் என்ற நிலை 1930ஐ ஒட்டி எழுந்தபோது, அதைப் பொறாதவர்கள் பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ வைத்தனர். வாங்கில் சேர்ந்திருப்பதும் சேர்ந்துண்பதும் அன்று அத்தகைய வழக்காக இருந்தன. அவ்வரலாற்றை மாணவர்க்கு உரைக்கும் நாம், மாலையில் பணம் கொடுத்துத் தரவாரியாகப் பிரிந்து அமர்கிறோம்.

அடுத்த ஆண்டு விருந்துக் குழுவைத் தெரியும் கூட்டத்தில் இரண்டு பிரேரணைகளை முன்வைக்க இருக்கிறேன். விருந்து பாடசாலை மண்டபத்தில், மதிய வேளையில், வாழையிலையில் நடைபெறட்டும். அழைப்புப் பட்டியலைச் சம்பளப் பட்டியலைப் பார்த்து, ஒரு பெயரும் விடாமல் எழுதட்டும். வழிமொழிய ஒருவர் வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கணித ஆசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.